ஜார்ஜியாவில் சில நாள்தான் இருக்கிறதா? கிழக்கே போங்கள்

ஜார்ஜியா போய் வந்த நம் ஆட்களின் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடம்தான். கஸ்பேகி மலை, பனி, மேட்டின் மேல் தனியாக நிற்கும் கெர்கெத்தி தேவாலயம். வளைகுடாவிலிருந்து சில மணி நேர விமானப் பயணம்தான், நீண்ட விடுமுறை ஒன்று கிடைத்தால் கிளம்பிவிடலாம் என்பதால் துபாய், தோஹா, குவைத்தில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர் இப்போது போகிறார்கள். போகட்டும், நல்ல விஷயம். ஆனால் இருக்கிற கொஞ்ச நாளில் ஒரு முழு நாளை மலைப்பாதையில் காருக்குள்ளேயே கழித்துவிட்டு, ஒயினுக்குப் பேர்போன கிழக்குப் பகுதியான காகேத்தியை ஒரு மதியம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதை என் மனம் ஒப்பவில்லை. மலையும் பனியும் வேறு நாடுகளிலும் இருக்கின்றன. ஒயினும் சாமியும் சண்டையும் சாப்பாட்டு மேசையும் ஒரே கதையாகப் பின்னிக் கிடக்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அதைப் பார்க்க வேண்டுமென்றால் தலைநகர் திபிலிசியிலிருந்து கிழக்கே போக வேண்டும்.

நாங்கள் மூன்று பேர், நானும் கணவரும் அப்பாவும். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், சைவம், குடிப்பழக்கம் கிடையாது. இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு ஒயின் நாட்டுக்கா என்று வீட்டில் கேட்டார்கள். குழுப் பேருந்தில் போயிருந்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான், ஒரு தேவாலயத்துக்கு இருபது நிமிடம், ஒயின் கடைக்கு ஒரு மணி நேரம் என்றுதான் அவர்கள் ஓட்டுவார்கள். நாங்கள் ஒரு காரும் வழிகாட்டியும் தனியாக ஏற்பாடு செய்துகொண்டோம். வழிகாட்டி வரலாறு படித்த பெண், தன் ஊர்க் கதையைச் சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துவிடும், அப்பாவுக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. தனிப் பயணம் என்று பேசும்போது ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒரே ஆளா, சுவைத்துப் பார்க்கும் கட்டணம் இதில் சேர்ந்ததா, மதியச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியமாக, கூட்டிப் போகப்போவது பேருந்துகள் வரிசையாக நிற்கும் பெரிய ஒயின் ஆலைக்கா, ஒரு குடும்பம் வீட்டுப் பின்கட்டில் நடத்தும் மரானிக்கா என்று கேளுங்கள். மரானி என்பது ஒயின் வைக்கும் அறை. பயணமே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

திபிலிசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் எழுதிவிட்டார்கள். 5-ஆம் நூற்றாண்டில் வாக்தாங் கோர்கசாலி என்ற அரசர் வேட்டைக்குப் போனபோது அவருடைய பறவை வெந்நீர் ஊற்றில் விழுந்து வெந்துபோனது, அந்த இடத்திலேயே நகரத்தைக் கட்டச் சொன்னார் என்பது ஊர்க் கதை. அந்த ஊற்று இன்னும் ஓடுகிறது. அபனோதுபானி என்ற பகுதியில் தரையோடு தரையாகச் செங்கல் குவிமாடங்கள் தெரியும், கீழே கந்தக நீர்க் குளியலறைகள். தனி அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், விமான அலுப்புக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. பழைய நகரம் என்று நாம் பார்க்கும் மரப் பால்கனி வீடுகளில் பெரும்பாலானவை 1795-க்குப் பிறகு கட்டியவை, அந்த ஆண்டில் பாரசீகத்தின் ஆகா முகமது கான் நகரத்தை எரித்துவிட்டான். அரபியர், மங்கோலியர், பாரசீகர், துருக்கியர், ரஷ்யர் என்று ஒவ்வொருவராக வந்து மிதித்துவிட்டுப் போன ஊர் இது.

திபிலிசியில் நான் கட்டாயம் பார்க்கச் சொல்வது சியோனி தேவாலயத்தில் இருக்கும் ஒரு சிலுவை. 4-ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோ, இரண்டு திராட்சைக் கொடித் துண்டுகளைத் தன் தலைமுடியால் கட்டிச் செய்ததாக அவர்கள் நம்பும் சிலுவை அது. கொடி வளைந்திருப்பதால் சிலுவையின் இரண்டு கைகளும் கீழ்நோக்கித் தொய்ந்திருக்கும். ஜார்ஜியாவில் எங்கே அந்தத் தொய்ந்த சிலுவையைப் பார்த்தாலும் இனி உங்களுக்குக் காரணம் தெரியும். சிலுவையே திராட்சைக் கொடியில் செய்தது என்கிற ஊரில் ஒயினை வெறும் மதுவாகப் பார்ப்பது எப்படி முடியும்? மேலே குன்றில் அலுமினியத்தில் நிற்கும் ஜார்ஜியத் தாயின் சிலையும் 1958-இல் வைத்தபோது அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், ஒரு கையில் எதிரிக்கு வாள், இன்னொரு கையில் நண்பனுக்கு ஒயின் கிண்ணம்.

அடுத்து பக்கத்திலேயே இருக்கும் பழைய தலைநகர் ம்த்ஸ்கேத்தா. மேட்டில் ஜ்வாரி மடம், 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிக் கட்டியது. அங்கிருந்து கீழே பார்த்தால் அராக்வி ஆறும் ம்த்க்வாரி ஆறும் சேரும் இடம், இரண்டு நீரும் நிறம் மாறாமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஊருக்குள் ஸ்வெத்திட்ஸ்கோவேலி பேராலயம். 1029-இல் கட்டி முடித்தார்கள், ஏசுவின் அங்கி இதன் தூணுக்கடியில் புதைந்திருப்பதாக நம்பிக்கை. வடக்குச் சுவரில் உயரே ஒரு கை செதுக்கியிருக்கிறது, கருவி பிடித்த கை. கட்டிய அர்சாகிட்சேயின் கை அது, கடவுளின் அடிமையை மன்னியுங்கள் என்று பக்கத்திலேயே எழுத்து. வழிகாட்டி காட்டாவிட்டால் நாங்கள் தலை நிமிர்ந்தே பார்த்திருக்க மாட்டோம். உள்ளே இரண்டாம் எரெக்லே அரசரின் கல்லறை, அங்கே அப்பா வெகுநேரம் நின்றார். பாரசீகமும் துருக்கியும் நெருக்கிய காலத்தில் 1783-இல் ரஷ்யாவின் பாதுகாப்பை நம்பி ஒப்பந்தம் போட்டவர் எரெக்லே. 1795-இல் திபிலிசி எரிந்தபோது அந்த உதவி வரவில்லை, 1801-இல் ரஷ்யா நாட்டையே எடுத்துக்கொண்டது. அப்பா வழிகாட்டியிடம் "அவருக்கு வேறு வழி இருந்ததா அம்மா?" என்று கேட்டார், அந்தப் பேச்சு காரில் ஏறியும் ஓயவில்லை. தனிப் பயணத்தின் லாபம் இதுதான், கேள்வி முடிகிற வரைக்கும் நிற்கலாம்.

காகேத்திக்கு இரண்டு வழி. கோம்போரி மலை வழியாகத் தெலாவிக்குப் போகும் பாதையைக் கேட்டு வாங்குங்கள், வளைந்து வளைந்து ஏறி இறங்கியதும் அலசானி பள்ளத்தாக்கு ஒரேயடியாக விரியும், எதிரே பெரிய காகசஸ் மலைத்தொடர் சுவர் போட்டதுபோல நிற்கும், அடிவாரம் முழுக்கத் திராட்சை. அந்தச் சமவெளியில் தன்னந்தனியாக 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது அலவெர்தி பேராலயம், 11-ஆம் நூற்றாண்டு. துறவிகள் இன்றும் அங்கே ஒயின் செய்கிறார்கள். பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், கால்சட்டையோடு விடமாட்டார்கள், வாசலில் சுற்றிக்கொள்ளத் துணி வைத்திருப்பார்கள் என்றாலும் ஒரு துப்பட்டா கையில் இருப்பது நல்லது.

காகேத்தி ராணி கெத்தெவானின் கதையை எங்களுக்கு வழியில் சொன்னார் வழிகாட்டி. பாரசீக அரசன் ஷா அப்பாஸின் படை வந்தபோது நாட்டுக்காகப் பேசப் போன ராணியைச் சிறைவைத்து, மதம் மாற மறுத்ததற்காக 1624-இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். போர்ச்சுகீசியப் பாதிரியார்கள் எலும்புகளில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்து புனித அகஸ்டின் தேவாலயத்தில் வைத்தார்கள். தேவாலயம் இடிந்து, பல காலம் கழித்து நம் தொல்லியல் துறை தோண்டி எடுத்த எலும்பை ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள், 2021-இல் இந்திய வெளியுறவு அமைச்சரே நேரில் கொண்டுபோய் ஒப்படைத்தார். நாங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் வழியில் இரண்டு பேர் இந்தக் கதையை அவர்களாகவே எடுத்தார்கள். அதே ஷா அப்பாஸ் காகேத்தி மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப் போய் ஈரானில் குடிவைத்தான், அங்கே ஃபெரைதான் பக்கத்தில் இன்றும் ஜார்ஜிய மொழி பேசுகிற ஊர்கள் இருக்கின்றன. போருக்குப் போகும் வீரன் கவசத்துக்குள் ஒரு திராட்சைக் கொடியைச் செருகிக்கொண்டு போவான், செத்து விழுந்தால் அந்த இடத்தில் கொடி முளைக்கும் என்று ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, இப்படி ஒரு கதையைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்களே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

த்சினந்தாலி மாளிகை, சிக்னாகி கோட்டைச் சுவர், நினோவின் கல்லறை இருக்கும் போத்பே மடம் எல்லாம் எல்லாப் பட்டியலிலும் உண்டு. சிக்னாகி அழகாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகப் பூசி மினுக்கியதுபோலப் பட்டது. அங்கே அருங்காட்சியகத்தில் நிகோ பிரோஸ்மானியின் ஓவியங்களை மட்டும் விடாதீர்கள். இந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மதுக்கடைகளுக்குப் பலகை எழுதி, 1918-இல் வறுமையில் செத்தவர், இன்று நாட்டின் பெருமை.

சரி, மரானிக்கு வருகிறேன். தெலாவி பக்கத்தில் ஒரு கிராமம், வெளியே பெயர்ப் பலகைகூட இல்லை. வீட்டுக்காரர் மரக்கதவைத் திறந்ததும் உள்ளே பீப்பாயும் இல்லை, எஃகுத் தொட்டியும் இல்லை, மண் தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும். அவைதான் க்வெவ்ரி, கழுத்துவரை பூமிக்குள் புதைத்த பெரிய களிமண் கலங்கள். முற்றத்தில் புதைக்காத ஒன்று சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை "முதுமக்கள் தாழி." ஆதிச்சநல்லூரை அறிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள், அதே வயிறு, அதே கூம்பிய அடி. அப்புறம் நாங்கள் தாழி என்றே பேசிக்கொண்டோம்.

தாழி செய்வதே தனித் தொழில். சக்கரத்தில் சுற்ற முடியாது, மண்ணைத் திரித்துத் திரித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஏற்ற வேண்டும், ஒரு சுற்று காய்ந்தால்தான் அடுத்தது, அதனால் ஒரு பெரிய தாழி எழும்ப வாரக்கணக்கில் ஆகும். சூளையில் நாள்கணக்கில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உள்ளே தேன்மெழுகு பூசுவார்கள். ஆயிரம் இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தாழிகள் சாதாரணம். இதைச் செய்யத் தெரிந்த குடும்பங்கள் இப்போது சில கிராமங்களில் மட்டும் இருக்கின்றன, 2013-இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு இளைஞர்கள் கொஞ்சம் திரும்பி வருகிறார்கள் என்றார் வீட்டுக்காரர்.

அறுவடையில் திராட்சையை மரத் தொட்டியில் காலால் மிதித்து, சாறு, தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் அப்படியே தாழிக்குள் இறக்கிவிடுவார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, தோலில் இருக்கும் இயற்கை ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும். பொங்குகிற நாட்களில் தோல் மேலே வந்து மூடிக்கொள்ளும், அதைத் தினமும் பலமுறை கழியால் கீழே அமுக்க வேண்டும், இரவிலும்கூட எழுந்து வருவார்களாம். பொங்கல் அடங்கியதும் கல் மூடி போட்டு, களிமண்ணால் அடைத்து, வசந்த காலத்தில்தான் திறப்பது. அந்த மாதங்களில் உள்ளே நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. கலத்தின் அடி கூம்பாக இருப்பதால் கசக்கும் விதைகள் முதலில் அடியில் போய்த் தங்கிவிடுகின்றன, அவற்றின் மேல் வண்டலும் தோலும் படிந்து விதையை ஒயினிலிருந்து மூடிவிடுகிறது. பூமி வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. வடிகட்டும் இயந்திரமும் குளிரூட்டியும் செய்கிற வேலையைக் கலத்தின் வடிவமும் மண்ணும் செய்துவிடுகின்றன.

இப்படித் தோலோடு கிடந்ததால் ர்காட்சித்தேலி போன்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் வெள்ளையாக இருப்பதில்லை, தேன் நிறம், கெட்டியான தேநீர் நிறம். முதல் வாயில் துவர்ப்பு பிடிக்கும், காய்ந்த ஆப்ரிகாட் பழமும் வால்நட்டும் கலந்த வாசனை. கடைசி வாய்வரை பொறுத்துச் சாப்பாட்டோடு குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கறுப்பில் சபெராவி. பொதுவாகக் கறுப்புத் திராட்சையின் சதை வெளிறியிருக்கும், நிறமெல்லாம் தோலில்தான், சபெராவிக்குச் சதையே சிவப்பு, அதனால் கோப்பைக்குள் மை போல அடர்ந்து நிற்கிறது. ஜார்ஜியாவில் 500-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் திராட்சை வகைகள் இருக்கின்றன, கிசி, க்ஹிக்வி, ம்த்ஸ்வானே என்று கேட்டுக் கேட்டுச் சுவைக்கலாம்.

எட்டாயிரம் ஆண்டு என்று எல்லாப் புட்டியிலும் எழுதியிருக்கும். விளம்பர வாசகம் என்று தள்ளிவிட வேண்டாம். திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற இரண்டு கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சையின் அடையாளமான டார்டாரிக் அமிலம் ஊறியிருப்பதை 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், காலம் கி.மு. 6000-ஐ ஒட்டியது. அதுவரை பழையது என்று சொல்லப்பட்ட ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் பானைகளைவிட இது பல நூறு ஆண்டு முந்தியது.

ஆனால் இந்த மரபு அறுந்துபோகாமல் வந்தது சும்மா இல்லை. சோவியத் காலத்தில் அரசு ஆலைகளுக்கு அளவுதான் முக்கியம், விளைச்சல் அதிகம் தரும் ஒருசில வகைகளை மட்டும் நட்டார்கள், மற்றவை ஓரங்கட்டப்பட்டன. 1985-இல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு நடவடிக்கையில் தோட்டங்களையே பிடுங்கினார்கள். 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, 2013 வரை நீடித்தது, பெரும்பகுதி ஒயின் அங்கேதான் போய்க்கொண்டிருந்ததால் பிழைப்பே ஆட்டம் கண்டது. "அப்போதுதான் எங்கள் தாத்தாவின் தாழிகளை மறுபடி பார்த்தோம்" என்றார் வீட்டுக்காரர். புதிய நாடுகளில் விற்க வேண்டும், அதற்கு வேறு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும், அது பின்கட்டில் புதைந்து கிடந்தது. பல வீடுகளில் அத்தனை காலமும் சொந்தக் குடிப்புக்கென்று தாழியில் செய்வதை விடவே இல்லை, அந்தப் பிடிவாதத்தால்தான் இன்று நாம் போய்ச் சுவைக்க முடிகிறது.

அப்புறம் சாப்பாடு. மேசையில் இடமே தெரியாமல் தட்டு மேல் தட்டாக வைப்பதும், ஒருவர் தமாதாவாக இருந்து ஒவ்வொரு கோப்பைக்கும் முன்னால் பேசுவதும் சேர்ந்ததுதான் சுப்ரா என்னும் விருந்து. தமாதா பேசி முடிக்காமல் குடிப்பது மரியாதை இல்லை. அமைதிக்கு, நாட்டுக்கு, விருந்தாளிக்கு, பெற்றோருக்கு, இறந்தவர்களுக்கு, அவர்களுக்கு அடுத்ததாகவே பிறந்த குழந்தைகளுக்கு என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றும் சின்னப் பிரசங்கம், கேட்பவர்கள் கண் கலங்குவதும் உண்டு. அப்பா குடிக்க மாட்டார் என்றதும் யாரும் வற்புறுத்தவில்லை, வீட்டம்மா திராட்சைச் சாற்றை எங்கள் கிண்ணம் போன்ற அதே மண் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன் வைத்தார். பெற்றோருக்கான முறை வந்தபோது தமாதா எழுந்து நின்று, மகளைப் படிக்கவைத்து இவ்வளவு தூரம் அழைத்துவந்த தகப்பனுக்கு என்று கோப்பையை உயர்த்த, எல்லோரும் "கௌமார்ஜோஸ்" என்றார்கள். அப்பாவும் பதிலுக்கு எழுந்து தமிழில் இரண்டு நிமிடம் பேசினார், கணவர் ஆங்கிலத்தில் சொல்ல, வழிகாட்டி ஜார்ஜியத்தில் சொல்ல, அது மேசையைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது.

சைவத்துக்குக் கவலையே வேண்டாம். தேவாலயத்தின் நோன்பு நாட்கள் ஆண்டில் ஏராளம் என்பதால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அங்கே நன்றாக வளர்ந்திருக்கிறது. வால்நட் விழுது தடவிச் சுருட்டிய கத்திரிக்காய், கீரையும் வால்நட்டும் சேர்த்துப் பிசைந்த ப்காலி, மண் சட்டியில் வெந்த லோபியோ என்ற பயறு, கூடவே சோள ரொட்டி. தோனே என்ற களிமண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடும் ஷோத்தி ரொட்டியைச் சூடாகப் பிய்த்து, சுல்குனி பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள். கின்காலி என்ற கொழுக்கட்டையில் காளானோ உருளைக்கிழங்கோ வைத்ததும் கிடைக்கும், கையால்தான் எடுக்க வேண்டும், முதலில் ஓரத்தைக் கடித்து உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட வேண்டும், மேலே இருக்கும் குடுமியைத் தட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது கோப்பைக்குப் பிறகு மூன்று ஆண்கள் எழுந்தே நிற்காமல் உட்கார்ந்தபடியே பாடத் தொடங்கினார்கள். ஒருவர் அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே இரண்டு குரல்கள் தனித்தனி வழியில் போய், உரசி, திடீரென்று ஒன்று சேரும். இசைக்கருவி எதுவும் இல்லை. காகேத்தியின் விருந்துப் பாடல் ஒன்றை 1977-இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் பதிந்து அனுப்பினார்கள், நேரில் கேட்டால் ஏன் என்று விளக்கம் தேவைப்படாது.

புட்டி வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சின்ன மரானிகளின் ஒயின் விமான நிலையக் கடையில் கிடைக்காது, பிடித்ததை அங்கேயே வாங்கித் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், நீங்கள் திரும்பும் நாட்டில் எத்தனை புட்டி அனுமதி என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் அட்டை எடுக்காது, ஜார்ஜியப் பணமான லாரியை ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். சாச்சா என்று தரும் தண்ணீர் நிறச் சாராயம் மிகக் கடுமையானது, மதிய வெயிலில் வேண்டாம். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தார்ஹூனா என்ற பச்சை நிற மூலிகைச் சோடா எல்லாக் கடையிலும் உண்டு. திராட்சைச் சாற்றுக் கூழில் வால்நட் கோத்து முக்கியெடுத்த சுர்ச்கேலாவைச் சாலையோரத்தில் பாட்டிகளிடம் வாங்குங்கள், நாள்பட வரும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை போங்கள். அப்போதுதான் காகேத்தியில் ர்த்வேலி என்கிற அறுவடை, கேட்டால் உங்களையும் திராட்சை பறிக்கவும் மிதிக்கவும் விடுவார்கள். தங்குமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகஸ்டிலேயே வழிகாட்டியிடம் பேசி, மரானிக்காரர் எந்த வாரம் பறிக்கப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு போடுங்கள்.